கை நனைக்காதவள்

எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவள் அத்தை. அப்பாவுடன் பிறந்த ஒரே தங்கை. சோழவந்தானில் கட்டிக்கொடுத்த இடம், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். விடிந்ததும் பஸ் ஏறி மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி ஏழு மணிக்கெல்லாம் எங்கள் வாசலில் இருப்பாள். ஒரு கையில் ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலைக் கட்டு, விசேஷத்துக்கு. இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை. கூடைக்குள் இரண்டு பாட்டில் தண்ணீர், அவளுக்கு.

வந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கிவிடுவாள். தேங்காய் துருவுவாள், பூத்தொடுப்பாள், சமையல்காரரிடம் உப்புக்குச் சண்டை போடுவாள். பந்தி ஆரம்பித்தால் இலைக்கு இலை போய், "என்ன மாப்ள, கோழி கொத்துற மாதிரி கொத்துற, நல்லா சாப்பிடு" என்று வாளியைச் சாய்ப்பாள். கடைசிப் பந்தி முடிந்ததும், "நீயும் உக்காரு தாயி" என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ரோட்டைக் கடந்து எதிரில் இருக்கும் டீக்கடைக்குப் போவாள். எங்கள் வீட்டைப் பார்த்த மாதிரி கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீயும் இரண்டு உளுந்தவடையும் வாங்கி, அவசரமே இல்லாமல் பிட்டுப் பிட்டுத் தின்பாள். வந்த சொந்தபந்தம் அத்தனையும் வாசலில் நின்று வெற்றிலை போட்டபடி அதைப் பார்க்கும். அப்பா மட்டும் உள்ளே போய் எதையோ தேடுகிற மாதிரி பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்.

அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கப்பா கடைசி ஒரு வருஷம் அந்தப் பெயரைத்தான் வாய் ஓயாமல் கூப்பிட்டார். ஒரு வாய் தண்ணீர் குடி என்று கெஞ்சினார். அதற்கு அசையாதவளின் பெயரை நான் எதற்கு நாலு பேருக்குத் தெரியப்படுத்த வேண்டும்? அத்தை என்று சொல்வதே அதிகம்.

எங்கள் சொந்தத்தில் அவளுக்கென்றே ஒரு வார்த்தை உண்டு. வைராக்கியம். அகராதியில் அதற்குப் பற்றில்லாமை, துறவு என்று போட்டிருக்கிறது. எழுதியவர் எங்கள் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. எங்கள் ஊரில் பெயிலான பிள்ளை ஒரு வருஷம் டிவி பக்கம் திரும்பாமல் படித்துப் பாஸானால் அது வைராக்கியம். குடிக்கிறவர் மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் கடைப்பக்கம் போகாமல் இருந்தாலும் வைராக்கியம்தான், நாற்பத்தொன்பதாம் நாள் அங்கே முதல் ஆளாக நின்றாலும். அப்படி எல்லாருக்கும் ஓசியில் கொடுக்கிற வார்த்தையை, அத்தை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். "அவளா? அவ வைராக்கியக்காரியப்பா" என்பார்கள். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அவள் சட்டதிட்டங்கள் ஒரு வக்கீலுக்குக்கூட வராது. எங்கள் வீட்டில் தண்ணீர் கிடையாது. காப்பி கிடையாது. போகும்போது அம்மா குங்குமச் சிமிழை நீட்டினால் வைத்துக்கொள்வாள், தட்டில் இருக்கும் வெற்றிலையைத் தொடமாட்டாள். என் கல்யாணம் மண்டபத்தில் நடந்தது. மண்டபம் வீடு இல்லையே, அங்கேயாவது சாப்பிடுவாள் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார். "மண்டபம் வாடகைண்ணே. ஆனா அடுப்பு ஒன்னுதுல்ல?" என்று சிரித்தாள். சித்திரை வெயில். மத்தியானம் பந்தியில் சாம்பார் வாளியோடு அப்படியே சரிந்துவிட்டாள். அம்மா செம்பில் தண்ணீரோடு ஓடினாள். பாதிக் கண் திறந்தவள், செம்பைப் புறங்கையால் தள்ளிவிட்டு, தூணோரம் இருந்த தன் கூடையைக் காட்டினாள். மணக்கோலத்தில் மேடையிலிருந்து நான் பார்த்தேன். செத்தாலும் பரவாயில்லை என்று ஒரு பொம்பளை நினைக்கிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சரி, எதற்கு இவ்வளவு என்று கேட்பீர்கள். ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு.

அத்தை மகள் பெரிய மனுஷியானபோது நான் காலேஜில் இரண்டாம் வருஷம். சோழவந்தானில் சடங்கு. எங்கள் ஊர்ப்பக்கம் ஃப்ளெக்ஸ் வைக்காமல் ஒரு நல்லது நடக்காது, கெட்டதும் நடக்காது. யார் படம் எங்கே, யார் படம் எவ்வளவு பெரிசு என்பதில்தான் பாதிச் சொந்தம் நிற்கிறது, மீதி முறிகிறது. சடங்கு ஃப்ளெக்ஸில் தாய்மாமன் படம் பெண்ணுக்குப் பக்கத்தில், மேலே, முழுசாக வரவேண்டும். சித்தப்பா, பெரியப்பா எல்லாம் கீழே வரிசையில் தபால்தலை மாதிரி இருந்தால் போதும். "நீ படிச்ச பிள்ள, டவுன்ல இருக்க. பாத்து நல்லா போட்டுக் குடு மருமகளே" என்று அத்தை அந்த வேலையை என்னிடம் கொடுத்தாள்.

கடையில் ஒரே கூட்டம். எல்லாரும் கம்ப்யூட்டர்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அண்ணே, எனக்கு மீசையக் கொஞ்சம் தூக்கி விடுங்கண்ணே" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தோழிகளோடு சினிமாவுக்கு நேரமாகிவிட்டது. அவர் திரையைக் காட்டி "ஓகேவா பாப்பா?" என்றார். கீழே வரை பார்க்காமல், பெயரைப் படிக்காமல், "ஓகேண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

சடங்கன்று அப்பா சீர்த்தட்டுகளோடு மேளதாளத்தோடு அத்தை தெருவுக்குள் நுழைகிறார். புது வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், கையில் மருமகளுக்குப் போடவேண்டிய மாலை. தெருமுக்கில் ஃப்ளெக்ஸ். பெண்ணுக்குப் பக்கத்தில் 'அன்புத் தாய்மாமன்' என்று பெரிய எழுத்து. அதற்கு மேலே சிரித்துக்கொண்டிருப்பது அத்தை கொழுந்தனார், அதாவது பெண்ணின் சித்தப்பா. எங்கப்பா கீழே, கடைசி வரிசையில், சித்தப்பாமார்களோடு சித்தப்பாவாக இருக்கிறார். மேளம் நின்றுவிட்டது. யாரோ பின்னால் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அத்தை வீட்டிலிருந்து ஓடிவந்தாள். "அண்ணே, கடைக்காரன் மாத்திட்டான்ணே. எனக்கும் இப்பத்தான் தெரியும். கிழிச்சுப் போட்டுருவோம். நீ உள்ள வா, பிள்ள மணையில உக்காந்திருக்கா."

அப்பா கேட்கவில்லை. தட்டுகளை எல்லாம் வாசலில் இறக்கி வைக்கச் சொன்னார். மாலையையும் ஒரு தட்டில் வைத்தார். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "எம் மூஞ்சிக்குப் பதிலா இன்னொருத்தன் மூஞ்சிய வச்ச வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்றார். திரும்பி நடந்துவிட்டார். அம்மா அவர் பின்னால் ஓடினாள். கடையில் நான் சரியாகப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தை என்னைப் பார்த்தபோது, "நான் பாக்குறப்ப சரியாத்தான் இருந்துச்சுத்தே" என்று பொய் சொன்னேன்.

உள்ளே பன்னிரண்டு வயசுப் பிள்ளை, தலை நிறையப் பூவோடு, மாமன் மாலைக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தாய்மாமன் இல்லாமல் அந்த மாலையை யார் போடுவது என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அத்தை யாரையும் கேட்கவில்லை. வாசல் தட்டில் கிடந்த மாலையை எடுத்துக்கொண்டு போய்த் தானே மகள் கழுத்தில் போட்டாள். அழவில்லை. அன்றைக்கு வந்த ஒருத்தரையும் சாப்பிடாமல் போகவிடவில்லை.

எங்கப்பாவின் கோபம் வைக்கோலில் பிடித்த தீ. இரண்டு நாள் கூட நிற்காது. கடைக்காரர் தப்பு என்று தெரிந்ததும் மூன்றாம் நாளே அவருக்கு வெட்கமாகிவிட்டது. அந்த மாசமே ஸ்வீட் பாக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு சோழவந்தான் போனார். அத்தை இலை போட்டாள். மீன்குழம்பு, முட்டை, ரசம். அப்பா சந்தோஷமாக இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கைகழுவிவிட்டு, "அப்புறம் என்னத்தா, நம்ம வீட்டுக்கு என்னைக்கு வார?" என்றார்.

"வாரேண்ணே. எப்பக் கூப்டாலும் வாரேன்" என்றாள் அத்தை, எச்சில் இலையை எடுத்தபடியே. "நீ எத்தன தடவ இங்க வந்தாலும் ஒனக்கு நான் சோறு போடுவேன். ஆனா என் உசுரு இருக்குற வரைக்கும் ஒன் வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்."

அப்பா விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார்.

அவள் எல்லாவற்றிலும் அப்படித்தான். ஒருமுறை பஸ்ஸில் கண்டக்டர் ஏதோ கவனத்தில் விசில் அடிக்க மறந்து, அவள் இறங்கவேண்டிய இடத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். கேட்டதற்கு, "நடந்தா ஒடம்புக்கு நல்லதுதான்" என்று கிண்டல் வேறு. மறுநாளிலிருந்து ஒரு மாசம், வேலை இருக்கிறதோ இல்லையோ, அவர் டூட்டி பார்த்து அதே பஸ்ஸில் ஏறினாள். படிக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, ஏறியதிலிருந்து இறங்கும் வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் அந்த மனுஷர், "அம்மா, தெரியாமப் பேசிட்டேன், விட்ருங்கம்மா" என்று கும்பிட்டாராம். அத்தை இதை என்னிடம் சொன்னபோது முகத்தில் பெருமைகூட இல்லை. கொடிக்காலில் களை எடுத்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

சடங்கு நடந்து பத்து வருஷம் கழித்து அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. செய்தி தெரிந்த அன்றே அத்தை கூடையோடு வந்தாள். அப்புறம் வாரத்தில் நாலு நாள் எங்கள் வீட்டில்தான். அம்மாவுக்கு மூட்டுவலி. நான் அப்போது ஒத்தக்கடையில் ஒரு காலேஜில் லேப் அசிஸ்டென்ட், லீவு கிடைக்காது. அத்தைதான் அப்பாவைப் புரட்டிப் போட்டாள், துடைத்தாள், பீத்துணி அலசினாள். அம்மா வைக்கும் ரசத்தில் குழையக் கரைத்த சோற்றை மடியில் தலையை வைத்து ஊட்டினாள். ஊட்டி முடித்ததும் எழுந்து போய்த் தன் பாட்டிலைத் திறந்து ரெண்டு மடக்குக் குடிப்பாள். டீக்கடையில் போய் பன் தின்றுவிட்டு வருவாள்.

அப்பாவுக்குப் பேச்சு குழறும். ஆனால் அவள் பேரும் 'தண்ணி' என்ற சொல்லும் நன்றாக வரும். தன் டம்ளரை நல்ல கையால் அவள் பக்கம் தள்ளுவார். "குடி... குடி..." என்பார். கண்ணில் தண்ணீர் வழியும். அத்தை முந்தானையால் அந்தக் கண்ணைத் துடைத்துவிட்டு, "நீ குடிண்ணே" என்று டம்ளரை அவர் வாயில் வைப்பாள். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பதினொரு மாசம் இதைப் பார்த்தேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அந்த நேரத்தில் அவளைக் கொன்றுவிடலாம் போலிருக்கும்.

பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அத்தே, அந்த ஃப்ளெக்ஸ கடைக்காரர் மாத்தல. அவர் காட்டினாரு, நான்தான் பாக்காம ஓகேன்னுட்டேன். சினிமாவுக்குப் போற அவசரம். தப்பு என்னுது. அப்பா பாவம், வாயில்லாம கெடக்காரு. ஒரே ஒரு வாய் காப்பித்தண்ணி குடிங்கத்தே, ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

கிளிப்பை மாட்டிவிட்டுத் திரும்பினாள். "இம்புட்டு வருசமா ஏன் சொல்லல?"

"பயம்."

"அன்னைக்கு நான் ஒன்னப் பாத்தேன்ல, அப்பச் சொல்லிருந்தா ஒங்கப்பன் காலுல விழுந்தாவது நிப்பாட்டிருப்பேன்ல. எம் பிள்ளைக்கு மாமன் மாலை விழுந்திருக்கும்ல."

வாளியிலிருந்த துணியை எடுத்து நீட்டினேன்.

"சரி" என்றாள், அடுத்த துணியை உதறியபடி. "ஃப்ளெக்ஸு ஒன் தப்பு. விட்டுட்டுப் போனது ஒங்கப்பன் தப்பு. அப்ப ஒன் வீட்லயும் கெடையாது."

சிரிப்பு வருகிறதா? எனக்கும் இப்போது வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அப்பா அந்த ஆடியில் போய்ச் சேர்ந்தார். அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் தெருவே கூடியது. அழுது அழுது தொண்டை வறண்டு இருமினாள். பக்கத்து வீட்டு அக்கா, விஷயம் தெரியாமல், எங்கள் வீட்டுச் செம்பை நீட்டிவிட்டாள். அந்த நிலைமையிலும் அவள் கை அதைத் தள்ளியது. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்தேன். அண்ணன் பிணத்துக்கு முன்னாலுமா? உன்னை ஒரு நாள் என் வீட்டுச் சோறு தின்ன வைக்கவில்லை என்றால் நான் எங்கப்பாவுக்குப் பிறக்கவில்லை என்று அந்த இடத்திலேயே நினைத்துக்கொண்டேன்.

ஒத்தக்கடையில் நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, அத்தை முதல்நாளே வந்துவிட்டாள். புது வீட்டைக் கழுவினாள், மாவிலை கட்டினாள், வாசலை அடைத்துக் கோலம் போட்டாள். ராத்தங்கலுக்கு மட்டும் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் பால் பொங்கியதும் முதல் டம்ளரை அவளிடம்தான் நீட்டினேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அங்கிட்டுக் குடு" என்று பக்கத்தில் நின்றவளைக் காட்டினாள்.

அதுவரை அவளை நான் நீங்க போட்டுத்தான் பேசியிருக்கிறேன். "நீ எதுக்கு வந்த?" என்று கத்தினேன். "பிடிக்கலேன்னா வராம இருக்க வேண்டியதுதான? எல்லாருக்கும் முன்னாடி வந்து அசிங்கப்படுத்தணுமா? வெக்கமா இல்ல ஒனக்கு?"

அவள் கோபப்படவே இல்லை. "வராம இருக்குறது லேசுத்தா. நாலு நாள்ல மறந்துபோகும், ஒனக்கும் மறந்துபோகும், எனக்கும் மறந்துபோகும். வந்து, வேலையும் செஞ்சு, பசியும் பசிச்சு, திங்காமத் திரும்பணும். அதுலதான இருக்கு வைராக்கியம்" என்றாள். சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்து, கொட்டிக் கிடந்த பூவைக் கூட்ட ஆரம்பித்தாள்.

போன வருஷம் கொடிக்காலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. என் வீட்டிலிருந்து பத்து நிமிஷத் தூரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாமா போய் ரொம்ப வருஷம் ஆகிறது. மகள் திருப்பூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள், வாரத்தில் ஒரு நாள்தான் வரமுடியும். "மதினி, நீதான் பாத்துக்கணும்" என்று போனில் அழுதாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அத்தை சாப்பிடவில்லை. கேன்டீன் சோற்றை ரெண்டு வாய் வைத்துவிட்டு மூடிவிடுவாள். "மண்ணு மாதிரி இருக்கு." பத்து நாளில் கை மணிக்கட்டு குச்சியாகிவிட்டது. "சாப்பிடலைன்னா உடம்பு தாங்காது, வீட்டுச் சாப்பாடு கொண்டுவாங்க" என்று டாக்டர் என்னிடம் சத்தம் போட்டார். அவருக்கு என்ன தெரியும்!

அன்றைக்குத்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இரக்கம் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மாட்டினாள் என்றுதான் நினைத்தேன்.

வீட்டில் சோற்றைக் குழைய வடித்தேன். அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு ரசம். பருப்புத் துவையல். கேன்டீனில் கேட்டு வாங்கி வந்த இலையிலும் பேப்பரிலும் சோற்றைப் பொட்டலம் கட்டினேன். ரசத்தைப் பாலிதீன் பையில் ஊற்றி, கடைக்காரர்கள் மாதிரி காற்றோடு உப்பலாகப் பிடித்து நூல் சுற்றினேன். மூன்று பை ஒழுகி, நாலாவதுதான் நின்றது. ஸ்கூட்டியில் போகும்போதே சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கடைசி வாய் உள்ளே போன பிறகு சொல்லவேண்டும். அத்தே, நீ இப்பத் தின்னது என் வீட்டுச் சோறு. எங்கப்பன் பொண்டாட்டி சொல்லிக்குடுத்த ரசம். போச்சா ஒன் வைராக்கியம்? அவ்வளவுதான். அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். அதற்காகத்தான் ஆறு வருஷம் காத்திருந்தேன்.

"இன்னைக்குக் கேன்டீன்ல வேற ஆளு சமையலாம். சாப்பிட்டுப் பாருங்க" என்று கட்டிலில் சாய்த்து உட்காரவைத்துப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு கையில் டிரிப்ஸ் ஊசி. மற்றக் கையால் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். நிறுத்தினாள். அப்புறம் இன்னொரு வாய் எடுத்தாள். அப்புறம் அவள் நிமிரவே இல்லை. இலையை வழித்தாள். பையில் மிச்சமிருந்த ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லி உறிஞ்சினாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"யாரு சமைக்கிறது? பொம்பளையா?" என்றாள் அத்தை.

"ஆமா."

"ஒங்கப்பன் கெடந்தப்ப ஒங்கம்மா ரசம் வைப்பால்ல. நான் கரைச்சு ஊட்டுவேன். அந்த வாசம் அப்படியே மூக்குல ஏறும். பசி வேற, காலையிலருந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டேன். எச்சி ஊறும். அத முழுங்கிட்டு முழுங்கிட்டு ஊட்டுவேன். ஒங்கப்பன் டம்ளரத் தள்ளித் தள்ளி விடுவாரு..." கையை முகர்ந்து பார்த்தாள். "இது அதே வாசம். சாகுறதுக்கு முன்னாடி ஒரு தடவ கெடச்சுச்சே. அவ கை நல்லா இருக்கணும். பேரு என்னவாம்?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கில்தான் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். எங்கப்பாவும் ஜெயித்திருப்பார்.

"பாண்டியம்மா" என்றேன்.

அப்புறம் பத்தொன்பது நாள் பாண்டியம்மாதான் சமைத்தாள். "பாண்டியம்மாட்ட நாளைக்குக் கொஞ்சம் புளி தூக்கலாப் போடச் சொல்லு." "நேத்து அவரைக்கா நல்லா இருந்துச்சுன்னு சொல்லு." "அவளுக்குப் பிள்ளைக எத்தன? பெரியவன் படிக்கிறானா?" நான் என் பிள்ளைகளையே கொஞ்சம் பெயர் மாற்றிச் சொன்னேன். தினமும் காலையில் நூல் சுற்றிச் சுற்றிக் கை தேர்ந்துவிட்டது. ஒரு நாள் மகள் சோழவந்தான் போய்க் கொண்டுவந்த வெற்றிலையிலிருந்து நல்ல இலையாகப் பொறுக்கி ஒரு கட்டு எடுத்து, பாண்டியம்மாவுக்கு என்று என் கையில் கொடுத்தாள். எனக்கு அவள் கொடிக்கால் வெற்றிலை புதுசு இல்லை. அன்றைக்குப் படியிறங்கும்போது மட்டும் கண் தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதெல்லாம் இல்லை. தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே துப்பியிருப்பாள்.

இடுப்பு சேர்ந்தது. படுத்தே கிடந்ததில் நெஞ்சில் கட்டிய சளிதான் இறங்கவில்லை. இருபதாம் நாள் காலையில் நான் பொட்டலத்தோடு போனபோது கட்டில் பக்கத்தில் நர்ஸ்கள் நின்றார்கள்.

சோழவந்தானில் வாசலில் போட்ட பந்தலில், வந்தவர்கள் எல்லாம் அதையேதான் பேசினார்கள். "கடைசி மட்டும் அண்ணன் வீட்டு வகையறால கை நனைக்கலயேப்பா. நம்மள்ல யாரால முடியும்?" குரலைத் தாழ்த்தாமல், பெருமையாகச் சொன்னார்கள். அத்தை மகள் அழுது வீங்கிய முகத்தோடு என் பக்கம் திரும்பி, "கேட்டியா மதினி? நீதான் கூடவே இருந்த. அப்படித்தான இருந்துச்சு எங்கம்மா?" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றேன். "கடைசி வரைக்கும் நனைக்கல."

காரியம் முடிந்து கிளம்பும்போது அத்தை மகள் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே மயில்கழுத்துக் கலரில் ஒரு சேலை, மடிப்புக் கலையாமல். "அந்தக் கேன்டீன்ல பாண்டியம்மான்னு ஒருத்தவுகளாமே. அவுகளுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் குடுக்கணும், மறந்துராதன்னு அம்மா போன்ல நாலு தடவ சொல்லுச்சு. ஒனக்குத்தான் அவுகளத் தெரியும். குடுத்துர்றியா?"

வாங்கிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தாள். "மதினி, சேலையக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்டி."

"கட்டிக்கிட்டாகளா? என்ன சொன்னாக?"

"ஒண்ணுமே சொல்லல" என்றேன். "ஒரே அழுகை."